செவ்வாய் மாலை 6.42

வெள்ளி இரவு. துரைப்பாக்கம், ஏழாவது மாடி.
பத்து மணிக்கு மேல் இங்கே ஏசி ஓடாது.
ஜன்னலைத் திறந்தால் குப்பைமேட்டுப் புகை,
திறக்காவிட்டால் நாங்களே புகைவோம்.

நாங்கள் தண்ணீர் லாரி அனுப்புகிறவர்கள்.
லாரி எங்களுடையதல்ல, தண்ணீரும் அல்ல.
எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று சொல்கிற
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் மட்டும் எங்களுடையவை.

சாயங்காலம்தான் புதிதாக வெளியே விட்டோம்.
ஒன்பது லாரியையும் அவை அனுப்பியது
மடிப்பாக்கத்தில் ஒரே சந்துக்கு.
ஓட்டுநர் இஸ்ரவேல் போனில் கத்தினார்:
"சம்ப்பு ரொம்பி ரோட்ல ஓடுது சார்,
பின்னாடி இன்னும் ஆறு வண்டி நிக்குது,
கீழ்க்கட்டளைல குடமெல்லாம் வரிசையா கெடக்குது,
நான் யாருக்குத் தொறக்க?"

ஒரு கூட்டல் குறி,
கழித்தல் இருந்திருக்க வேண்டிய இடத்தில்.
வரிக்குப் பக்கத்தில் பெயர்: நஸ்ரின். புதன், பின்னிரவு 1.15.
அன்றிரவு அவள் மகனுக்குக் காய்ச்சல்.
மருந்துக்கடைக்குப் போகிறேன் என்ற அவள் செய்திக்குக்
கட்டைவிரல் போட்டவன் நான்.
மறுநாள் அவள் எழுதியதைப் படிக்காமலே
'சரி' போட்டவனும் நான்.

செவ்வாய் மாலை 6.42க்குப் போய்விடலாம்.
அப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.
கிளையையே பின்னுக்கு இழுத்து,
நடுவில் வந்த பதினோரு கமிட்டையும் இல்லையென்று ஆக்கி
ஒரு ஃபோர்ஸ் புஷ்.
புதன் வரவேயில்லை. நஸ்ரின் எதுவும் எழுதவில்லை.
நான் எதற்கும் தலையாட்டவில்லை.

"அப்படியே பண்ணிடுங்களேன்" என்றாள்,
திரையைப் பார்க்காமல்
டப்பாவில் மிஞ்சிய எலுமிச்சை சாதத்தைக் கிளறியபடி.

கட்டளையின் கடைசி எழுத்துவரை அடித்துவிட்டேன்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
சத்தியசீலன் இரண்டு நாளாய்ச் செதுக்கிய ரசீதுப் பக்கமும்
அந்தப் பதினொன்றில்.
மனசாட்சி என்று சொல்லமாட்டேன்.
திங்கட்கிழமை அவன் கத்துவான் என்ற பயம்.

அழித்தேன். ரிவர்ட் என்று அடித்தேன்.
தப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்,
தேதியோடு, பெயரோடு.
அதன் தலைமேல் அதற்கு எதிரான ஒன்று வந்து உட்காரும்.
காரணம் என்ன என்று கேட்டது. எழுதினேன்:
"நஸ்ரின் எழுதியது. நான் படிக்காமல் ஒப்புக்கொண்டது.
திரும்பப் பெறுகிறோம்."
அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

12.08. பச்சை.
வரைபடத்தில் லாரிகள் ஒவ்வொன்றாய்த் தலை திருப்பின.
மடிப்பாக்கத்துச் சந்தில் ஓடிய தண்ணீர் ஓடியதுதான்,
அதற்குச் செவ்வாய் எங்கே தெரியும்.

இஸ்ரவேலைக் கூப்பிட்டேன்.
கீழ்க்கட்டளை வந்துவிட்டாராம்.
பின்னால் வால்வு திறக்கும் சத்தம்,
"எங்கொடம்தான் மொதல்ல வெச்சேன்" என்று ஒரு சண்டை.
போனை வைக்காமல்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.