வெறும் வண்டி எடை

செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள்
ஆறு வருஷம் உட்கார்ந்தவள் நான்.
குலையோடு லாரி ஒருமுறை ஏறும்,
கொட்டிவிட்டு இன்னொருமுறை ஏறும்.
கழித்து வருவதற்குத்தான் காசு.
வெறும் வண்டி எப்படி இருக்கிறது என்று
யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை,
நானும்தான்.

இன்று கிளினிக்கில்
மிஸ்ஸி ரொஸ்னா பிள்ளையைத் தராசில் கிடத்தினாள்.
ஐந்து கிலோ நூற்றிருபது.
போன மாதத்துக்கு எண்ணூறு கிராம் கூட.
புத்தகத்தில் புள்ளி வைத்து, கோடு இழுத்து
"பாகூஸ்" என்றாள்.
அவன் அவளுடைய பேனாவைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு, என்ன தோன்றியதோ,
என்னையும் ஏறச் சொன்னாள்.
நாற்பத்து மூன்று.
போன மாதம் நாற்பத்தாறு.
என் எடைக்கு அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

பழக்கதோஷம், கழித்துப் பார்த்தேன்.
இரண்டு கிலோ இருநூறு கணக்கில் வரவில்லை.
ஆலையில் என்றால்
டிரைவரை இறக்கி வைத்து விசாரித்திருப்போம்.

"மாக்கான் அப்பா?"
சோறு, மீன், கீரை என்றேன்,
முதல் வகுப்புப் பிள்ளை ஒப்பிப்பதைப் போல.

சொல்லாமல் விட்டது:
ராத்திரி இரண்டு மணிக்கு
அவன் உறிஞ்ச உறிஞ்ச எழும்புகிற பசி
வயிற்றோடு நிற்பதில்லை.
முழங்காலுக்குப் பசிக்கும். பல்லுக்குப் பசிக்கும்.
பிஸ்கட் டின்னைச் சத்தமில்லாமல் திறக்க
கட்டைவிரலில் ஒரு வித்தை படித்திருக்கிறேன்.
அடுத்த வீட்டு மெய் லிங்குக்கும் இது பிள்ளைபெற்ற மாதம்.
சுவருக்கு அந்தப்பக்கம்
இஞ்சியும் நல்லெண்ணெயும் கோழியும் கொதிக்கையில்
என் வெள்ளைச் சோற்றைச்
சுவரோரம் கொண்டுபோய்த்தான் சாப்பிடுகிறேன்.
பாசார் மாலாமில் பால்சுறா விலை கேட்டேன்.
கிலோ முப்பத்தெட்டு வெள்ளி.
கேட்டதோடு சரி.
மீன் வாங்கும் நாளில்
நடுத்துண்டு குகனேசனின் சாப்பாட்டு டப்பாவுக்கு.
பன்னிரண்டு மணிநேர வேலை அவருக்கு.
எனக்கு எத்தனை மணிநேரம் என்று
எந்தக் கிராணி பெயர் போட்டான்?

"நெறைய சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள் மிஸ்ஸி
தமிழில், யாரிடமோ கற்ற தமிழில்.
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.
முந்தானை முடிச்சில் கேஸுக்கு வைத்திருந்த
இருபது வெள்ளி.
காசிம் கடையில் ஓர மேசை.
ரொட்டி சானாய், முட்டை போட்டு, இரண்டு.
சுடச்சுடப் பருப்புக் குழம்பு.
துப்பட்டாவுக்குள் அவன் ஒரு பக்கம்,
வெளியே நான் ஒரு பக்கம்.
இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரமில்லை.
நாக்கு வெந்தது. நிறுத்தவில்லை.
கண்ணில் நீர் வந்தது,
அது சம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரொட்டியில்
மார்பு குறுகுறுத்துப் பால் இறங்கியது.
அவன் ஒருகணம் திணறி, இருமி,
என்னை நிமிர்ந்து பார்த்தான்,
"எங்கிருந்து?" என்பது போல.

புத்தகத்தின் ஓரத்தில்
நாற்பத்து மூன்றின் மேல் ஒரு சொட்டுக் குழம்பு.
துடைக்கவில்லை.
கேஸுக்கு என்ன சொல்வது என்று
பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.

"இன்னும் ரெண்டு, கட்டிக் கொடுங்க."
"வூட்டுக்காரருக்கா?" என்றான் கல்லில் நின்ற பையன்.
இல்லை, என்றேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு.