மைனஸ் முப்பது

டர்பன். வார்விக் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி
ரெஜி மூட்லியின் மீன்கடையில்
உறைபெட்டி ஒன்று ஏழு நாளைக்கு என்னுடையது.
ஷேட் மீனையெல்லாம் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிவிட்டு
"துணிக்குக் கிலோ என்ன விலை?" என்றான்.
சோடா மாவு போட்டு மூன்று தடவை கழுவினேன்.

உள்ளே இறங்கப்போவது கூத்துச் சட்டை.
ராஜ வேஷக்காரர் உடுத்தியது.
கறுப்பு வெல்வெட், கழுத்தில் கம்பளிப் பட்டை,
மார்பு முழுக்கப் பொன்வண்டுச் சிறகு.
சிறகுக்கு இரண்டு துளை, ஒரு நூல்.
எண்ணிப் பார்த்தேன்: முந்நூற்றுப் பதினொன்று.
முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்
நூல் மட்டும் நின்றது,
யாரோ பேச்சைப் பாதியில் விட்டுப் போன மாதிரி.

கம்பளிப் பட்டைக்குள் அது இருந்தது.
எள்ளளவு. மயிர் மூடிய உடம்பு.
வளர்ந்தால் இதுவும் வண்டுதான்.
வண்டை வண்டு தின்கிறது;
மனிதர்களிடம் இதற்குப் பங்காளிச் சண்டை என்று பெயர்.

சட்டைக்கு உடையவள் சலோச்சினி படையாச்சி
காது சிவக்கக் கேட்டாள்:
"எங்க வீட்டுத் துணியில பூச்சியா?"
அந்துருண்டை போட்டாளாம், வேப்பிலை போட்டாளாம்,
மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாளாம்.
பூச்சி வீடு பார்த்து வருவதில்லை அம்மா,
என் கம்பளத்திலும் உண்டு என்றேன்.
(பொய். என் வீட்டில் கம்பளமே கிடையாது.)

மெல்லிய தாளில் பொதிந்து,
சிறகோடு சிறகு உரசாமல் மடிப்பில் பஞ்சு வைத்து,
பாலித்தீன் பையில் இட்டு, காற்றைப் பிழிந்து, ஒட்டி,
தோகோசானி ஒரு முனை, நான் ஒரு முனை.
பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் என்று எழுத வந்தேன்.
இல்லை. பிணத்தை இறக்குவதுபோல்தான் இறக்கினோம்.

ஐந்தாம் இரவு மின்வெட்டு. நான்கு மணி நேரம்.
ரெஜியின் ஜெனரேட்டர் இருமி இருமிச் செத்தது.
மூடியைத் திறக்காதே என்று தொலைபேசியில் கத்தினேன்.
காலையில் முள் மைனஸ் பதினொன்றில்.
அரைக் குளிருக்கு முட்டை பழகிக்கொள்ளும்.
மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.
அச்சிட்ட தேதியின்மேல் பேனாவால் கோடு,
இருநூறு அழைப்பிதழிலும்.

எடுத்த பிறகும் ஒரு நாள் பிரிக்கக் கூடாது;
வேர்க்கும்.
அந்த வேர்வை பைக்கு வெளியோடு போக வேண்டும்.
அன்றைக்குச் சலோச்சினி வந்து உட்கார்ந்திருந்தாள்,
பையைத் தொடாமல், மதியம் வரை.

தூரிகையால் கோதியபோது விழுந்தது.
வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன்.
"இம்புட்டுதானா?"
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

காலி இடத்தில் புதுச் சிறகு தைக்கவில்லை.
சட்டை வெளிச்சத்தில் நிற்கிறது.
பூச்சி என் மேசை இழுப்பறையில், சின்னக் குப்பியில்,
சட்டைக்கு இட்ட அதே எண்ணோடு, பின்னால் ஒரு 'அ'.
முந்நூற்றுப் பன்னிரண்டாவது
அதன் வயிற்றில் இருக்கிறது.