படி

குன்னூரில் கரண்ட் போனால்
முதலில் நிற்பது இன்குபேட்டரின் முனகல்.
முப்பது டிகிரியில் இருந்ததெல்லாம்
மெல்ல எங்கள் டிசம்பருக்கு இறங்கும்.
குடுவைகள் நாலு, பெட்ரித் தட்டுகள் ஓர் அடுக்கு,
துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு
பின்படிக்கட்டு வழியே மொய்துக்காவின் பேக்கரிக்கு.

அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி அவருடைய அலமாரி,
மேலெல்லாம் வர்க்கி, கடைசி வரிசை எனக்கு.
"உன் ஈஸ்டும் என் ஈஸ்டும் ஒண்ணுதானே?"
"குடும்பம் ஒண்ணு. வளர்ப்பு வேற."
"மாவு பொங்குமா?"
"பொங்கும். எனக்கு வேண்டியது நீலம்."
ஒரு குடுவையை மோந்துவிட்டு
நம்பாமல் திருப்பி வைத்தார்.

உள்ளே நடப்பது இது:
ஓர் அறை. அறைக்குள் அசல்.
அசல் வெளியே வருவதில்லை, எந்த அவசரத்துக்கும்.
வேண்டியபோது வேண்டிய பக்கத்துக்கு மட்டும்
ஒரு படி எடுப்பார்கள்.
படி கதவைத் தாண்டிப் போகும்,
வேலை முடிந்ததும் கிழிந்துபோகும்.

கேலக்டோஸைத் தின்னத் தெரிந்த பக்கத்தின் வாசலில்
நாலாம் நம்பர் உட்கார்ந்திருக்கிறது.
(எங்கள் லயத்து வீடுகள் போல
இவற்றுக்கும் எண்தான் பெயர்.)
'எடு' என்றால் போதும்,
எழுதுகிற கூட்டம் ஓடிவரும்.
சொல்லாது.
எண்பதாம் நம்பர் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது.
பகையில்லை.
தோளில் சாய்ந்து தூங்குகிறவர் கை
தற்செயலாக அங்கே விழுந்தது போல.

கேலக்டோஸ் வந்தால்
மூணாம் நம்பர் அதைக் கையில் பிடித்தபடி
எண்பதிடம் போகும்: கொஞ்சம் இப்படி வா.
கை விலகும்.
சில நிமிடம்தான்.
ஒன்றிரண்டு இருந்த இடத்தில் ஆயிரம் படி.

குளுக்கோஸ் இருக்கும்வரை இந்தப் பேச்சே இல்லை.
சோறு தரையில் இருக்கையில்
பரணில் ஏறுகிறவர் யார்?

அதே வாரம் அம்மா கோத்தகிரி தாலுகா ஆபீஸில்.
தலைமன்னாரில் கப்பலேறும்போது
தாத்தா கையில் கொடுத்த குடும்ப அட்டை
பாதி கரையானுக்குப் போய்விட்டது.
பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வேண்டும்.
"அசலைக் கொண்டாங்க, நகல் தரோம்."
அசல் இருந்தால் நகல் எதுக்கு என்று
அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்,
போனில், அவளிடம்.
பதிவேடு இருக்கிறதாம், பீரோவில்.
பீரோவுக்கு முன்னால் ஒருவர் இருக்கிறாராம்.
நல்லவர். டீ வாங்கிக் கொடுத்தார்.
அவர் வாயில் யார் கை என்று
அம்மாவுக்குத் தெரியவில்லை.

படி எடுத்தால் நீலமாகத் தெரிய
ஒரு சாயம் வைத்திருக்கிறேன்.
இன்று, கேலக்டோஸ் ஒரு துளியும் காட்டாத தட்டில்
ஒரே ஒரு புள்ளி நீலம்.
நீலம் என்றால் இந்த மலையில்
எல்லோரும் ஒரு பூவைச் சொல்வார்கள்.
எனக்கு ஞாபகம் வந்தது முத்திரை மை.

எண்பது இல்லாமல் பிறந்தது போல.
பொத்த ஆளில்லை.
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறது:
எடு, எடு, எடு.
அடுப்பு வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன்,
'பிழையாக இருக்கலாம். மறுபடி செய்து பார்.'
"கெட்டுப்போச்சா?" என்றார் மொய்துக்கா.
தெரியலை என்றேன்.

இன்னொன்று உண்டு.
ஒருமுறை திறந்த பக்கத்தை
மூடிய பிறகும் செல் மறப்பதில்லை,
சில தலைமுறைக்கு.
அடுத்த தடவை சீக்கிரம் திறக்கும்.
எப்படி என்று பாதிதான் தெரியும் எங்களுக்கு.

மூன்றாம் தடவை போன அம்மா
பெஞ்சில் உட்காரவில்லையாம்.
டீ வேண்டாம் என்றாளாம்.
பீரோவுக்கு நேரே போய் நின்று
தாத்தாவின் பெயர், கப்பல் வந்த தேதி,
பத்துளையில் தோட்டத்தின் பெயர்,
எல்லாம் ஒருதரம். பிறகு
சத்தமாக இன்னொருதரம்.

"அப்புறம்?"

"சாவி தேடுறாங்க.
இரு, பஸ் வந்திருச்சு."