தூசி நீக்கம்

படம் ஒன்றுக்கு எட்டு வெள்ளி.
வண்ணம் ஏற்றினால் இன்னும் பன்னிரண்டு.
லெபோ பசாரில், சாம்பிராணிக் கடையின் மேல்மாடியில்
என் ஸ்கேனர் நாள் முழுதும்
வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறது.

மிஸ் ரோசாரியோ வைத்துவிட்டுப் போன ஆல்பம்.
புலாவ் தீக்குசில் வாங்கிய வீட்டோடு வந்ததாம்.
"யாருடையதோ தெரியாது. படகுகள் அழகு.
ஹாலில் மாட்டணும்."
பின்பக்கம் பென்சிலில்: அயர்லாந்து, கால்வே, ஜூன்.
ஆண்டு இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருக்கிறது.

வயிறு பருத்த படகுகள்.
தார் பூசிய கறுப்பு.
கல்துறையில் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன.
ஒன்றில் மலையாய்க் குவிந்த கட்டிகளை
நிலக்கரி என்று நினைத்தேன்.
தேடினால், சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்ணாம்,
தீவுகளுக்கு அடுப்பெரிக்க.
மண்ணை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்திருக்கிறார்கள்.
சுக்கானைப் பிடித்தவன் கேமராவைப் பார்க்கவில்லை.
கயிற்றைப் பார்க்கிறான்,
கடன்காரனைப் பார்ப்பதுபோல.

வானத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.
பூஞ்சை, நகக்கீறல், யாரோ சிந்திய தேநீர்.
அடிவானத்தில் ஒரு புள்ளி. அதையும்.
பிறகு ஏனோ கை நின்றது.
மீட்டெடுத்துப் பெரிதாக்கினேன்.
புள்ளிக்கு ஒரு முனை இருந்தது.
முனைக்குக் கீழே ஒரு சாய்வு.
பாய்.

இந்த வேலையில் ஒன்பது வருஷம்.
எத்தனை பேரை மூழ்கடித்தேனோ,
ரசீது போட்டு.

வண்ணத்துக்குப் போனேன்.
மென்பொருள் பாய்களை வெளுத்து வைத்தது,
கல்யாண வேட்டிபோல்.
உண்மையில் அவை மரப்பட்டைச் சாற்றில் ஊறியவை,
உப்பும் பூஞ்சையும் அரிக்காமலிருக்க.
சில சமயம் பட்டைக்குப் பதில் காசுக்கட்டி.

காசுக்கட்டியா!
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பர்மாவில் மூட்டை மூட்டையாய்க் கப்பலேறிய சரக்கு
நம் துறையில் ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம்.
தங்காமலும் போயிருக்கலாம்.

கீழே இறங்கினேன்.
பூக்கடை கனகவல்லி அக்கா துப்பித் துப்பி
அஞ்சடித் தூணின் அடி சிவந்து கிடக்கிறது.
கைப்பேசியை நீட்டினேன்.
"எதுக்குப் படம் புடிக்கிற, கவுன்சில்ல குடுக்கவா?"
"இல்லக்கா, பாய்க்குச் சாயம்."
"எந்த பாய்க்கு?"
எதிரே நாசி கண்டார் கடையை எட்டிப் பார்த்தாள்.

ஈரமாய் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம்,
காய்ந்த இடத்திலிருந்து கொஞ்சம்
நிறத்தை உறிஞ்சி எடுத்து
ஏழு பாய்களில் ஊற்றினேன்.
எட்டாவதற்கு, அந்தப் புள்ளிக்கு,
ஒரே ஒரு சொட்டு.

சனிக்கிழமை மிஸ் ரோசாரியோ வந்தார்.
"வெள்ளையா இருந்தா என் சுவருக்குப் பொருந்தும்.
சரி, போகட்டும். இந்தத் தூசி மட்டும் போகாதா?"

போகாது, மேடம்.
காற்று எந்தப் பக்கமென்று
மற்ற பாய்களைப் பாருங்கள்.
அது கரைக்கு வருகிறது.

பன்னிரண்டு வெள்ளியைக் குறைத்துக்கொண்டேன்.