மிச்சம் எண்ணுபவள்

மாத்திரை கொடுப்பது என் வேலையல்ல,
மிஞ்சியதை எண்ணுவது.
புவெப்லா நகரின் கிழக்கோரம்,
பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால்
பதினேழு வீடுகள், பதினேழு வயிறுகள்,
பதினேழு வெள்ளைப் புட்டிகள்.

சிலவற்றில் சுண்ணாம்புச் சத்து,
சிலவற்றில் வெறும் மாவு.
எது எதில் என்று எனக்குத் தெரியாது,
மருத்துவருக்கும் தெரியாது.
தலைநகரில் பூட்டிய ஓர் அலமாரிக்குத் தெரியும்.
தெரியாமலிருக்கவும் சேர்த்துத்தான் சம்பளம்.

நசாரியாவுக்கு ஏழாம் மாதம்.
அடுப்பில் பச்சையாய் மினுக்கும் மண்சட்டி,
உள்ளே கறுப்பு பீன்ஸ்.
இறக்குமுன் எலுமிச்சை பிழிந்தாள்.
புளிப்பு பட்டால் மினுக்கு கரையும்,
மினுக்கில் இருப்பது ஈயம் என்றேன்.
"அலுமினியத்துல ருசியே வராதே" என்றாள்.
அதுவும் உண்மைதான்.
என் வீட்டிலும் அதே சட்டி,
இதைவிடப் பெரிது.

பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
எலும்புக்குக் கண் கிடையாது.
சுண்ணாம்பு என்று நினைத்து ஈயத்தை உள்ளே அழைத்து
இருபது வருஷம், முப்பது வருஷம்
வாடகை கேட்காமல் வைத்திருக்கும்.
பிறகு வயிற்றில் ஒன்று வந்து
எனக்கும் எலும்பு வேண்டும் என்றதும்
கதவைத் திறந்துவிடும்,
வெளியே போவது யாரென்று பார்க்காமல்.
ஐந்து வயதில் வழித்து நக்கியது
இருபத்தாறு வயதில்
இன்னோர் உயிரின் ரத்தத்தில் இறங்கும்.
கஞ்ச எலும்பு
கர்ப்பத்தில்தான் ஈகிறது,
ஈவதில் ஈயமும் உண்டு.

இரவில் மாத்திரை போட்டால்
கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளுமாம்.
அந்த 'ஆம்' நிஜமா என்று பார்க்கத்தான்
நான் வீடு வீடாய் எண்ணுகிறேன்.

நசாரியாவின் புட்டி காலி.
ஐந்து அதிகம் போட்டே கொடுப்போம்.
ஐந்தாவது மிஞ்ச வேண்டும்.
யூலாலியாவிடம் பதினாறு மிஞ்சியது.
ரெஃபூகியோவின் புட்டியில்
மாமியார் சட்டைப் பொத்தான் போட்டு வைத்திருந்தாள்.
ஒன்றுமே மிஞ்சாத புட்டி
எனக்கு இதுதான் முதல் முறை.

நான் கேட்கவில்லை.
கிளம்பும்போது இரண்டு முட்டை நீட்டினாள்.
எதையும் வாங்கக் கூடாதென்பது விதி,
வாங்கிக்கொண்டேன்.
பேருந்தில் உடையுமே என்றதற்குச் சிரித்து
விரல் முட்டியால் ஓட்டைத் தட்டிக் காட்டினாள்,
கதவு தட்டும் ஓசை.
"மழைக்காலத்துல இந்தச் செவலை
தோல்முட்டைதான் போட்டுச்சு,
எடுத்தா கையில நைஞ்சு போகும்.
இப்போ பாருங்க."
சொல்லி முடித்தபின்தான்
சொன்னது அவளுக்கே கேட்டது.

கோழி என்னைப் பார்த்தது,
நான் படிவத்தைப் பார்த்தேன்.
"பெரிய மாத்திரை, தொண்டையில நிக்குது.
போட்டா விடியுற வரைக்கும் குமட்டல்.
தூக்கிப்போட மனசு வரலை."

தலைநகரின் பூட்டை
ஒரு செவலைக் கோழி கொத்தித் திறந்துவிட்டது.
மாவு தின்றால் ஓடு இப்படித் தடிக்காது.
அப்படியானால்
இந்தத் தெருவிலேயே யாரோ ஒருத்தி
மாவை,
அதே குமட்டலோடு,
ஓர் இரவும் தவறாமல்,
பிள்ளைக்கு என்று விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.
அவள் எந்த வீடு என்று
எந்தக் கோழியும் சொல்லப்போவதில்லை.

மீதம்: பூஜ்யம் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
பேனா நின்று, மை ஊறி, ஒரு புள்ளியானது.
புதுப் புட்டியில் ஒன்றை எடுத்து
அம்மிக்கல்லில் நொறுக்கி, வாழைப்பழத்தில் மசித்து
அவளிடம் தந்தேன்.
இதற்கும் விதி உண்டு. அதில் நான் இல்லை.
முகம் சுளித்து விழுங்கினாள்.
கோழி காலடியில் வந்து நின்றது,
தன் பங்குக்கு.

இரவு, பசி.
என் சட்டியின் விளிம்பில் முட்டையைத் தட்டினேன்.
ஒரு முறை. இரு முறை.
மூன்றாவதில்தான் உடைந்தது.
மஞ்சள் கருவின் மேல் மிதந்தது
நகத்துணுக்கு அளவில்,
பச்சையாய்,
விளிம்பிலிருந்து ஒரு செதில்.