பதினோரு வாக்கு

என்னைப் பதினோரு வாக்கில் தோற்கடித்தவளைப் பற்றி
நானே எழுதினால் யார் நம்புவார்கள்.
ஆனாலும் எழுதுகிறேன்.
மூன்று நாளாக மழை விடவில்லை,
நாடுகாணியில் மரம் விழுந்து
இலை லாரியும் வரவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறும்போது
செல்லத்தங்கத்துக்கு ஒன்பது வயது.
மடியில் ஒரு கோழி இருந்ததாம்,
சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம்.
"ஒப்பந்தத்துல கோழி பேரு இல்லயாம்" என்பாள் மேடையில்.
கூட்டம் சிரிக்கும்.
நானும் ஒருதரம் சிரித்துவிட்டு
எங்கள் கட்சி ஆள் யாரும் நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பந்தலூர்ப் பக்கம் அரசுத் தோட்டம், ஆறாம் லைன்.
நாங்கள் அவர்களைச் சிலோன்காரர் என்றோம்.
எங்கள் தாத்தா திருச்சூரிலிருந்து நடந்து வந்தவர்,
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் தேர்தல், எட்டாவது வார்டு, சீப்புச் சின்னம்.
வீட்டுக்கொரு சீப்பு கொடுக்கக் காசில்லை.
ஒரே சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டு
கொழுந்துக் கூடையோடே ஓட்டுக் கேட்டாள்.
ஜெயித்தாள்.
பிறகு சட்டமன்றத்துக்கு நின்று
டெபாசிட்டை விட்டாள்.
அடுத்த முறை பெரிய கட்சி கூப்பிட்டது.

பேரவையில் அவளுக்கு மூன்று நிமிடம்.
பதினேழாம் பிரிவு நிலத்தில்
கரண்ட் இல்லாத வீடுகளை எண்ணிச் சொன்னாள்.
அப்பனின் சாதிச் சான்றிதழ் கண்டியில் கிடக்க
பிள்ளையின் சான்றிதழைத் தாசில்தார்
எதைப் பார்த்துக் கொடுப்பார் என்று கேட்டாள்.
மணி அடித்தது.
"மணியடிச்சா நாங்க உட்கார மாட்டோம் ஐயா,
இலை நிறுக்க எந்திரிச்சுப் போவோம்" என்றாள்.
அந்த வரி அவைக்குறிப்பில் இல்லையாம்.

ஐந்து வருஷத்தில் என்ன செய்தாள்?
ஒரு பாலம். நாற்பத்திரண்டு சான்றிதழ்.
பாதி ரோடு.
யானை மிதித்த இரண்டு பேருக்கு நஷ்டஈடு,
மூன்றாமவருக்கு இன்னும் வரவில்லை.
தோட்டத்தில் ஒரு டிவிஷனை மூடியபோது
கட்சி சொன்னதால் வாய் திறக்கவில்லை.
அதற்காக ஆறாம் லைனே அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

அந்த மாதம்தான்
ரேஷன் கடைச் சுவரில் நாங்கள் எழுதினோம்:
சிலோனுக்கே திரும்பி போ.
கை வேறொருத்தன் கை. சுண்ணாம்பு என் காசு.

காலையில் ஜீப்பை நிறுத்தி இறங்கினாள்.
அந்தப் பாதி ரோட்டுக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.
குச்சியில் கொஞ்சம் தொட்டு வந்து
இரண்டு வார்த்தைக்கும் நடுவே
ஒரு 'ப்' போட்டாள்.
"ஒற்று விட்டுப்போச்சு" என்றாள்
எதிரே என் கடையைப் பார்த்து.
புடவையில் குச்சியைத் துடைத்துக் கறையாக்கிக்கொண்டு
கூடலூருக்குப் போனாள்.

அடுத்த தேர்தலில் தோற்றாள்.
ஊட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததைப் பார்த்தேன்.
எம்எல்ஏவாக இருந்தவள் மறுபடி
எட்டாவது வார்டுக்கு மனு போட்டபோது
கடைவீதியே சிரித்தது.
"அங்க இருநூத்தி முப்பத்திநாலு பேரு.
இங்க பதினஞ்சு பேரு.
இங்க கையத் தூக்கினா தெரியும்" என்றாள்.

எதிர்த்து நின்றவன் நான்.

பதினோரு பேரில் ஒருத்தி
என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை,
சாம்பாரில் உப்பு மட்டும் அன்று சரியாக இருந்தது.

என் வீடும் பதினேழாம் பிரிவில்தான் இருக்கிறது.
மனுவை நான்கு தடவை எழுதிக் கிழித்து
ஐந்தாவதை நேற்று கொண்டுபோனேன்.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
சாக்கடை அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள்.
"ஏஜெண்டே, அந்தப் பக்கம் மண்வெட்டி இருக்கு" என்றாள்.
மனு நனைந்துவிட்டது.
இன்னொன்று எழுத வேண்டும்.

ரேஷன் கடைச் சுவரில்
எத்தனையோ மழைக்குச் சுண்ணாம்பு எப்போதோ போய்விட்டது.
தார் போகவில்லை.
வெற்றுச் சுவரில் ஒரு 'ப்' மட்டும் நிற்கிறது.
புதிதாக வந்த விஏஓ
எந்தக் கட்சிச் சின்னம் என்று என்னிடம் கேட்டார்.