பதினொரு பேர் உட்கார்ந்திருந்த துணி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
என் அறை.
ஆறடிக்கு நாலடித் துணி
வாசலில் நேராக நுழையாது,
சாய்த்துப் பிடித்தால் நுழையும்.
மூன்று கண்காட்சிக்குச் சாய்ந்து போய்
மூன்று முறையும் சாய்ந்தே திரும்பியது.

இந்த இடவப்பாதி மழையில்
புதுத்துணி வாங்கக் காசில்லை.
இது ஒரு காரணம்.
இன்னொன்றைச் சொன்னால்
படம் வரைகிறவர்கள் கோபப்படுவார்கள்:
எனக்கு அது அலுத்துவிட்டது.

அண்டி ஆபீஸில் குத்தவைத்து
கொட்டை தல்லும் பதினொரு பெண்கள்.
எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்கள்,
ஒரு சாம்பல் கிண்ணம்,
மேலே ஒற்றைக் குண்டு பல்பு.
"உழைப்பின் கண்ணியம்" என்றார் ஒருவர்
நாகர்கோவிலில், பழபஜ்ஜி தின்றுகொண்டே.
அன்றைக்கே கொஞ்சம் அலுத்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
அவர்கள் நகத்துக் கறுப்பு தூளாகி
என் நகத்துக்குள் ஏறிக்கொண்டது.
வெள்ளையைக் கலக்கும்போது
படியேறி வந்தாள் புஷ்பபாய்,
இடமிருந்து நாலாவது.
சொல்லாமல் அடிக்கக்கூடாதென்று
நான்தான் போன் செய்திருந்தேன்.
இப்போது கேட்டரிங் நடத்துகிறாள்,
எழுநூறு இலை என்றாலும் அசரமாட்டாள்.

அழுவாள் என்று நினைத்து
ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
குனிந்து பார்த்தாள், எட்ட நின்று பார்த்தாள்.
"இது எனக்க மூக்கா பிள்ளே?
எங்க சித்தப்பனுக்க மூக்கு."

பிறகு சொன்னாள்:
"ஆபீஸ விட்டு ஒம்பது வருஷமாச்சு.
வீடு வச்சேன், மவளக் கெட்டிக் குடுத்தேன்,
முட்டுக்கு ஆப்பரேஷனும் செஞ்சாச்சு.
நீ மட்டும் என்னை எழும்ப விடாம
இஞ்ச குத்த வச்சே வச்சிருக்க."

பிரஷ்ஷை அவளே வாங்கினாள்.
சுவருக்கு அடிப்பதுபோல்
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.
நெற்றி, சித்தப்பா மூக்கு, மடித்த கால்.
தன்னை முடித்ததும் நிற்கவில்லை.
ஞானபாய், நீ போ.
லீலா, பஸ் வந்தாச்சு.
ஓமனா, பிள்ள பாலுக்கு அழும், ஓடு.
பேர் சொல்லிச் சொல்லி
பத்துப் பேரை அனுப்பினாள்.

வலது ஓரத்தில் தாசம்மாள்.
பிரஷ் நின்றது.
வெள்ளை சொட்டித் தரையில் விழுந்தது.
"இவளுக்க படம் வேற எங்கயும் கெடையாது" என்றாள்.
"சாவுக்கு வைக்கக்கூட ஒண்ணு கிட்டல்ல."

போனில் எடுத்தோம். ஜன்னல் வெளிச்சம் விழுந்து
முகத்தில் பாதி காணோம்.
மறுபடி எடுத்தோம். மறுபடியும் பாதி.
அடி என்றும் சொல்லவில்லை
வேண்டாம் என்றும் சொல்லவில்லை,
குடையை எடுத்துக்கொண்டு
அஞ்சரை பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

மூன்று நாள்
அவ்வளவு வெள்ளைக்கு ஓரத்தில் தனியாக,
ஆபீஸ் பூட்டியது தெரியாமல்
கொட்டை தல்லிக்கொண்டிருந்தாள் தாசம்மாள்.
ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கும்போது
அவள் பக்கம் பார்க்காமல் குடித்தேன்.
ஒரு தடவை பார்த்தேன்.
பதினொரு பேராக இருந்தபோது
அவளை நான் இவ்வளவு நன்றாக வரைந்திருந்தது
எனக்கே தெரியாது.

வியாழன் விடியலில்
முதலில் கையை அடித்தேன்.
பிறகு சுத்தியலை.
முகம்.
பல்பைக் கடைசியாக அணைத்தேன்.

மழையில் வெள்ளை காய நாலு நாள் ஆயிற்று.
காய்ந்த பிறகுதான் பார்த்தேன்,
அது வெள்ளை இல்லை.
சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்
உள்ளே இருந்து மேடு மேடாகத் தள்ளுகிறது.

அடுத்தது என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.
கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தேன்,
பாதியில் தட்டித் துள்ளியது.
தடவிப் பார்த்தேன்.
இடமிருந்து ஒன்பதாவது. யாருக்கோ முட்டு.
"கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க அக்கா" என்றேன்.

ஒதுங்கவில்லை.
கோடு சுற்றிக்கொண்டு போனது.